சட்டி வைத்த கூரை

ஜமால் முகமதின் பாதத்தில் காய்ந்திருந்த சிமெண்டுப் பாலை வெங்கடேஸ்வரி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி நசீமா உள்ளே வந்தாள். வந்தவள் முதலில் அழவில்லை. அந்தத் துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடுங்க. அவிய கால நான் தொடச்சுக்கிடுறேன்."

வெங்கடேஸ்வரி நகர்ந்து உட்கார்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் முடியும் தறுவாயில் இருந்த இந்த வீடு அவளுடையது. காலையில் தரை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த காண்டிராக்டர் ஜமால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். டாக்டர் வந்து கைவிரித்த பிறகுதான் ராஜபாளையத்தில் நசீமாவுக்குப் போன் போனது.

நசீமா இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பிடிக்காது. ஜமால் சோற்றில் கை வைத்தால் இதே பேச்சு. செங்கலை நிமிர்த்தி வைத்து நடுவில் காற்றுக்கு இடம் விட்ட சுவராம். கூரைக் காங்கிரீட்டுக்குள் மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்தால் சிமெண்டும் மிச்சமாம், வெயிலும் இறங்காதாம். சொந்த வீடு அடுப்பாகக் கொதித்தது. கேட்டால், அந்தம்மா வீடு முடியட்டும் என்பார். அந்தம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், கண்ணில் சோடாபுட்டிக் கண்ணாடி. அதனால் நசீமாவின் பொறாமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கொழுந்தன் ஜபருல்லா குனிந்து சொன்னான். "மதினி, சப்ரீன் சென்னையிலருந்து வர சாயங்காலமாயிரும். நம்ம வீட்டு வெக்கையில அம்புட்டு நேரம் வைக்க முடியாது. மக வந்து பாக்குற வரைக்கும் இங்க இருக்கட்டும்ங்குறாங்க அந்தம்மா."

நசீமா வெங்கடேஸ்வரியைப் பார்த்தாள். "இன்னும் பால் காய்ச்சாத வீடு. இதுல மையித்த வைக்கச் சொல்லுறீயளே."

"கட்டுனவருக்கு இல்லாத வீடா?"

நசீமாவுக்குச் சுருக்கென்றது. தன் புருஷனுக்கு இடம் கொடுக்க இவள் யார்?

"நம்ம வீட்டுக்கே தூக்குங்க. வெந்தாலும் அதுதான் அவிய வீடு," என்று நிமிர்ந்தாள்.

அப்போதுதான் கூரை கண்ணில் பட்டது. கீழே வாய் தெரிய வரிசையாகக் கவிழ்ந்த சட்டிகள், உள்ளே புதுச் சிவப்பு. ஜன்னலோரம் ஒன்று மட்டும் உட்புறம் கறுத்து, விளிம்பில் சில்லு பெயர்ந்து தெரிந்தது. அந்தச் சில்லு அவள் கழுவும்போது பெயர்ந்தது. அவளுடைய மீன்குழம்புச் சட்டி. தை மாதம் அது காணாமல் போனபோது பூனை தட்டி உடைத்துவிட்டது என்றார் ஜமால். அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

"அது எப்படி இங்க வந்துச்சு?"

கொத்தனார் வேல்பாண்டி அண்ணாந்து பார்த்தார். "காங்கிரீட்டுக்கு மொத நாள் ஒண்ணு கொறஞ்சுச்சுக்கா. மறுநா காலையில வரும்போது அண்ணன் கையோட கொண்டாந்தாரு."

தன் அடுப்படியிலிருந்தும் எடுத்து இவளுக்கே கொடுத்திருக்கிறார். திட்டலாம் என்றால் அவர் கண்மூடிக் கிடந்தார். மறுபடி மேலே பார்த்தாள். அத்தனை சட்டிகளில் அது ஒன்று மட்டும் அவளுடையது.

"சரி, சப்ரீன் வார வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்," என்றாள். "அவியள அந்த ஜன்னல் பக்கம் நகத்துங்க."

"அங்க ஃபேன் காத்து எட்டாதே மதினி."

"பரவால்ல. நகத்துங்க."

நாலு பேர் பாயோடு தூக்கி நகர்த்தினார்கள். நசீமா கூரையில் தன் சட்டியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு சாண்," என்றாள்.