கொக்கின் காலில் காப்பு

இணுவிலில் ஒரு கிழமையாக அண்ணாந்து பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கோயில் குளத்தடி மருதமரங்களில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. நான் தேடிய மஞ்சள் நூல் ஒன்றின் காலிலும் இல்லை.

எழுபத்திரண்டாம் ஆண்டு கார்த்திகையில், பறவை ஆராய்ச்சிக்காக, கொழும்புத்துறைக் கடலோரக் கண்டல் மரங்களில் ஏறி, கூட்டிலிருந்த குஞ்சுகளுக்கு அந்த நூலைக் கட்டியவள் நான்தான். பறவைகளுக்கு மாட்டும் நிற வளையத்தை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க அரசாங்கம் விடவில்லை. அதனால் நைலோன் நூல். குஞ்சுகள் வளர்ந்து எங்கே கூடு கட்டுகின்றன என்று பார்த்தால், பிறந்த இடத்தை விட்டு எத்தனை பங்கு குஞ்சுகள் வேறிடம் போகின்றன என்று கணக்கிடலாம்.

இறங்குதுறைக்கு வீதி போட அந்தக் கண்டலை வெட்டப் போகிறார்கள். "கொக்குத்தானே, இணுவிலுக்குப் பறந்து போயிடும்," என்றார் வீதிக்குப் பொறுப்பான என்ஜினியர் செல்வரட்ணம். போகாது என்று அடித்துச் சொன்னேன். "அப்ப காட்டுங்கோ," என்று இரண்டு மாரி பொறுத்தார். நல்ல மனிதர், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கொழும்புத்துறைக்குத் திரும்பினேன். அங்கேயும் நூலைக் காணவில்லை. இத்தனை குஞ்சும் செத்திருக்க முடியாதே! கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த இராசமலர் அக்காவிடம் புலம்பினேன்.

"ஓ, அந்தக் காப்போ? அதை நாங்கள் அப்பவே அறுத்துவிட்டனாங்கள், பிள்ளை."

"என்ன காப்பு?"

"பிள்ளையார் பெருங்கதைக் காப்பு. நாங்களும் விரதத்துக்குக் கையிலை மஞ்சள் நூல் கட்டியிருந்தனாங்கள். ஆரோ நேர்த்திக்குக் குஞ்சுகளுக்கும் கட்டியிருக்கினம் எண்டு நினைச்சம். கோயிலிலை கதை படிச்சு முடிஞ்சால் காப்பை அவிழ்க்காமல் விடக்கூடாதெல்லோ? என்ரை மனுசன் மரமெல்லாம் ஏறி அறுத்தவர். எங்கடை காப்போடை சேர்த்துக் கடலிலை விட்டம். ஒண்டையும் விடேல்லை."

தலையில் அடித்துக்கொண்டேன். விரத மாதத்தில் மஞ்சள் நூலாகப் பார்த்துக் கட்டியிருக்கிறேனே!

செல்வரட்ணத்திடம் நடந்ததைச் சொல்லி, இன்னும் இரண்டு மாரி கேட்டேன்.

"அப்ப அதுகள் போகுமோ போகாதோ, அருந்ததி?"

போகாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியாது," என்றேன்.

"தெரியாததைச் சொல்லி நான் மேலிடத்தை எவ்வளவு காலம் மறிக்கிறது?"

குஞ்சுகள் பறந்த பிறகு மரங்களை வெட்டினார்கள். அந்த மட்டுக்காவது பொறுத்தார்கள்.

அடுத்த மாரிக்கும் கொக்குகள் வந்தன. புது வீதிக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தன. இருக்க ஒரு கொப்பு இல்லை. பிறகு கலைந்து போயின.

"இணுவிலுக்குத்தானே போகுதுகள், பிள்ளை?" என்று இராசமலர் அக்கா கேட்டாள்.

"தெரியாது, அக்கா."

அவள் என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஓம் எண்டு ஒருக்கால் சொல்லன்."

என்னால் சொல்ல முடியவில்லை.