லோ. ருகாமா

பூமாலை அன்று காலை வேதப் புத்தகத்தைத் திறக்காமலே இருந்திருக்கலாம். ஏற்கெனவே பட்டது போதாதென்று இதையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் மகளை மடியில் கிடத்திக்கொண்டு இறங்கி, அது மூன்றாம் நாள். ஆறு வயதுப் பிள்ளை. மலை இறங்கிய அன்று விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். பூமாலை சுக்கைத் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்தாள். அது ஆறுவதற்குள், "கண்ணத் தொறக்க முடியலம்மா" என்றாள். பாயை உதறினால் கட்டுவிரியன் ஓடுகிறது. கடித்த தடம்கூடத் தெரியவில்லை. மலை இறங்கி முடிப்பதற்குள் மூச்சிழுக்கவும் தெம்பில்லாமல் போய்விட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயை விட்டு மெஷினில் போட்டார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றியாகிவிட்டது. இனி உடம்பு தானாக அசைய வேண்டும். அதுதான் அசையவில்லை.

ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே வராந்தாவில் ஒரே பாயில் அவளும் அமிர்தமும் இருந்தார்கள். அமிர்தத்துக்கு எலவனாசூர்கோட்டை. கரும்புக்கு மருந்தடிக்கும்போது மயங்கி விழுந்த அவள் வீட்டுக்காரரும் உள்ளேதான் கிடந்தார். உள்ளே கிடந்தவர்களைப் பெற்றவர்களும் கட்டிக்கொண்டவர்களுமாக இன்னும் பத்துப் பேர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பூமாலை மலையில் ஒரு தகரக் கொட்டகை ஜெபக்கூடத்துக்குப் போகிறவள். முதல் பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாளே போய்விட்டது. இரண்டாவது பிறந்தபோது ஊழியக்காரரின் மனைவி, அங்கே எல்லாருக்கும் அவர் அக்கா, குழந்தையை வாங்கி நெற்றியில் முத்தம் கொடுத்து, "ருகாமான்னு வையி. எபிரேயப் பேரு. இரக்கம் பெற்றவள்னு அர்த்தம்" என்றார். அந்தப் பேர் வேதத்தில் எங்கே வருகிறது என்று பூமாலை கேட்கவில்லை. இரக்கம் என்ற சொல்லே அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

புருஷன் லோகநாதன் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போனான். போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு மலைப்பக்கம் தலைகாட்டாமல் இருக்கிறான். அந்த மகராசன் பெண்டாட்டி பிள்ளைக்கென்று விட்டுப்போனது ஒரே ஒரு எழுத்து. பிள்ளையின் பேருக்கு முன்னால் 'லோ'.

அன்று காலை, ஆறுதலாக ஒரு வசனம் கிடைக்காதா என்று பூமாலை கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தாள். அவர்கள் கூட்டத்தில் அது வழக்கம். விரல் போய் நின்ற இடத்தில் ஒரு தீர்க்கதரிசிக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. கடவுளே அதற்குப் பேர் வைக்கிறார். லோருகாமா. இந்த ஜனத்துக்கு இனி இரக்கம் காட்டப் போவதில்லை, அதற்காகத்தான் இந்தப் பேர் என்கிறார்.

பூமாலை நிமிர்ந்து பார்த்தாள். கதவில் காவலாள் சுப்புராயன் தன் கையாலேயே எழுதி ஒட்டிய பட்டியல். நான்காவது வரியில், நடுவில் புள்ளிகூட வைக்காமல், லோருகாமா, ஆறு வயது, பெண்.

புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"இன்னாச்சு? ஏன் பட்டுனு மூடிட்ட?" என்றாள் அமிர்தம்.

பூமாலை சொன்னாள். அமிர்தத்துக்கு எபிரேயமும் தெரியாது, தீர்க்கதரிசியும் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "அய்யய்யோ, உம்புருஷன் பேரால்ல வந்துக்குது" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மலைக்கு போன் கிடைக்கப் பத்துத் தடவைக்கு மேல் ஆனது. அக்கா பதறாமல் பேசினார். "லோன்னா அந்த பாஷையில 'இல்ல'ன்னு அர்த்தம் பூமாலை. நீ பாதியில மூடிட்ட. பக்கத்தத் திருப்பிப் பாரு. பின்னால அவரே மனசு எறங்கி, அந்த லோவ எடுத்துட்டு ருகாமான்னே கூப்பிடச் சொல்லுவாரு."

"எடுத்துடுவாரா?"

"ஆமா. இது உம்மேல சொன்னது இல்ல. பயப்படா..." சிக்னல் போய்விட்டது.

கடைசியாகச் சொன்னது பூமாலையின் காதில் ஏறவே இல்லை. கடவுளே எடுத்தது என்றால் இங்கேயும் எடுத்துவிட வேண்டியதுதானே? இதை எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும்? அவள் கீழே பதிவு கவுண்டருக்கு ஓடினாள்.

"எம்பொண்ணு பேர்ல லோவ மட்டும் அடிச்சிடுங்க."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஆதாரை வாங்கிப் பார்த்தாள். "இனிஷியலா? இதுல எப்பிடி இருக்குதோ அப்பிடித்தானம்மா ஏத்திக்கீறோம்."

"அவன் எங்கள வுட்டுட்டுப் போயிட்டாங்க. எம்பேரப் போடுங்க. பூ. ருகாமா."

"அம்மா இனிஷியல் தாராளமா போடலாம். ஆனா இங்க இப்ப மாத்துனா, எடுத்த ரத்த ரிப்போர்ட்டெல்லாம் வேற புள்ளைதுன்னு ஆயிடும். மொதல்ல புள்ள தேறி வரட்டும். அப்பறம் மாத்திக்கலாம்."

"அந்த எழுத்து இருந்தா தேறாதுங்க. இன்னாங்க, ஒரே எழுத்துதானங்க!" பூமாலை கவுண்டர் கட்டையில் முட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். வேறு எதுவும் அவளால் ஆகவில்லை.

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்ததும் கதவு திறந்தது. "லோருகாமா அட்டெண்டர்!" என்றார் சுப்புராயன்.

பூமாலை அசையவில்லை. ஏனென்று கேட்டுவிட்டால் அந்தப் பேரை ஒத்துக்கொண்டதாகிவிடும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"லோருகாமா!"

"உன்னத்தான் கூப்புடுறாரு, எழுந்து போ" என்றாள் அமிர்தம்.

"அது எம்பொண்ணு பேரு இல்லக்கா."

"லோருகாமா கூட வந்தவங்க யாரும் இல்லியா? டாக்டரம்மா நின்னுகினு கீறாங்க. ஆள் இல்லன்னு சொல்லிடட்டா?"

கதவு மூடப் போனது. பூமாலை எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடிப்போய்க் கதவிடுக்கில் கையைக் கொடுத்தாள்.

"நீதானா? இவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்த? புள்ள பேரு இன்னா?"

பின்னாலிருந்து அமிர்தம்தான் சொன்னாள்.

உள்ளே கட்டிலில் பிள்ளை பாதியாக இளைத்துத் தெரிந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். "இந்த விஷம் கை காலைக் கட்டிப்போடும். மூச்சைக் கட்டிப்போடும். ஆனா காது கேக்கும். தூங்குற மருந்தக் கொறச்சுட்டோம், அவ உள்ள முழிச்சுக்கிட்டுதான் இருப்பா. சாயங்காலத்துக்குள்ள ஒரு விரலாவது அசையணும். இல்லன்னா சேலத்துக்கு அனுப்பியாகணும். வழியில தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. நீங்க கூப்பிட்டுப் பாருங்க."

காது கேட்கும். அப்படியென்றால் வாசலில் மூன்று தடவை கூப்பிட்டதும் கேட்டிருக்கும். அம்மா வரவில்லை என்பதும் தெரிந்திருக்கும். பாவி, பெற்ற பாவி என்று பூமாலை தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ருகாமா... அம்மா வந்துட்டேன்டி."

பிள்ளை அப்படியே கிடந்தாள்.

"ருக்கு. கண்ணு. எந்தங்கமே."

மெஷின்தான் மூச்சு விட்டது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை வீட்டில் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுவாள். பூமாலைதான் டீச்சர். வருகைப் பதிவுக்குச் சும்மா ருகாமா என்று கூப்பிட்டால் ஏனென்று கேட்கமாட்டாள். "முழுசா கூப்புடும்மா. எங்கப்பா எழுத்து இல்லாம நான் உள்ளேன் சொல்லமாட்டேன்" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். போய்த் தொலைந்தவன் மேல் பிள்ளைக்கு அத்தனை ஆசை. பூமாலைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அந்த எழுத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் இரக்கம் இல்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது. பூமாலைக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நீ இரங்காட்டிப் போ, என்று மனசுக்குள் கடவுளைப் பார்த்துச் சொன்னாள். எம்பொண்ணுக்கு நான் இருக்கிறேன்.

குனிந்து பிள்ளையின் காதோடு வாயை வைத்தாள்.

"லோ. ருகாமா."

வெள்ளைத் துணியின் மேல் கிடந்த சுட்டுவிரல் லேசாக, ஒரு நெல் உயரத்துக்கு எழும்பி, விழுந்தது.

டாக்டர் சட்டென்று குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். "இன்னொரு தடவ கூப்பிடுங்க. அதே மாதிரி."

பூமாலை கூப்பிட்டாள். இந்தத் தடவை வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.