இளையவளின் கடைவாய்ப் பல்

காலில் வந்த கட்டிக்கு மூத்தவள் விழுங்கிய மாத்திரைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கட்டி ஆறியது, வயிறு கெட்டது. கிருமியைக் கொல்லப் போன மாத்திரை குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்து அடித்துவிட்டது, காலியான இடத்தில் பொல்லாத கிருமி ஒன்று குடியேறிவிட்டது என்றார் டாக்டர். அதற்கு மருந்து கொடுத்தார், பேதி நின்றது. மருந்தை நிறுத்தியதும் திரும்பி வந்தது. மூன்று முறை இதே கூத்து. சலவைக்கடையில் பொழுதெல்லாம் நின்று இஸ்திரி போட்டவள், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே சுவரைப் பிடித்து நடந்தாள். இனியும் முற்றினால் பெருங்குடல் உப்பிவிடும், அதை வெட்டி எடுத்து வயிற்றில் பை மாட்ட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு வழி இருந்தது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக அவள் குடலுக்குள் விடுவது. நல்ல கிருமிகள் மறுபடி குடிவந்துவிடும். இதைக் கேட்டு அவள் கணவரும் கொழுந்தனும் மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

"நான் தர்றேன்," என்றாள் கொழுந்தனின் மனைவி, அந்த வீட்டின் இளையவள்.

ஐயோ, போயும் போயும் அவளா! ஒரே வீடு, ஒரே கழிப்பறை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சண்டை. வாய் ஓயாத இளையவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததே மூத்தவள்தான். அவள் கையில் ஊசி குத்தினால் தெருவே கூடிவிடும். தும்மினால் ஒரு மாத்திரை, தலை வலித்தால் இரண்டு. அவளிடமா இதை வாங்குவது என்று மூத்தவளுக்கு மானம் போனது. ஆனால் பரிசோதனையில் தேறியது அவள் மட்டும்தான். மலம் கொடுத்து முடியும்வரை கிருமிக்கான மாத்திரை எதையும் அவள் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

நாள் குறித்த பிறகு ரேடியோ அடங்கிவிட்டது. முகத்தில் பாதியைத் துணியால் மறைத்தபடி நடமாடினாள், மூத்தவளின் அறைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அருவருப்பு வந்துவிட்டது, சொல்லத்தான் கூச்சப்படுகிறாள் என்று மூத்தவள் முடிவு கட்டினாள். யார் தயவும் வேண்டாம், நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து, தள்ளாடிச் சமையலறைக்குப் போனாள்.

இளையவள் அங்கே மேடையில் தலையை முட்டுக்கொடுத்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். கடைவாயில் சொத்தைப் பல். பிடுங்கிவிட்டு ஐந்து நாள் கிருமி மாத்திரை போடச் சொன்னாராம் பல் டாக்டர். கேட்ட உடனே நாற்காலியிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்கிறாள். குடல் டாக்டரிடமும் விசாரித்தாளாம். காய்ச்சலோ சீழோ இல்லை, தரலாம் என்றாராம்.

"வலி மாத்திரையாவது போடலாமேடி?"

"போடலாம்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல. எதாவது ஒண்ணு உங்களுக்கு ஆகாமப் போயிட்டா என்னக்கா பண்றது?"

மூத்தவளுக்கு அவளை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வலி மாத்திரையைத் தேடி எடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

குறித்த நாளில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. குடலில் தங்க வேண்டும் என்று மூத்தவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். உன் வேலை முடிந்தது, ஓடிப் போய்ப் பல்லைப் பிடுங்கு என்று அவள் இளையவளை விரட்டினாள். இளையவள் நகரவில்லை. இது பலிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரைக் கேட்டாள். சிலருக்கு இரண்டாம் தடவையில்தான் பலிக்கும், சில வாரம் பார்த்துவிட்டு இன்னொரு முறை கொடுப்போம் என்றார் அவர்.

இளையவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப பல்லு இருக்கட்டும்க்கா. நீங்க தேறிட்டீங்கன்னு தெரிஞ்சப்புறம் பிடுங்கிக்கிறேன்."

கூடப் பிறந்தவள்கூட இதைச் செய்திருக்க மாட்டாள். அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால், மூத்தவள் கையை மட்டும் நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய மனசுடி உனக்கு என்று வாய்விட்டுச் சொல்லி, வார்டே பார்க்க அழுதாள்.