அஞ்சு மணி மேடு

குத்துக்கல்வலசையில் பார்வதியம்மாள் குடியிருக்கும் தெருவுக்கு அலாரம் தேவையில்லை. காலை அஞ்சு மணிக்கு அவள் வீட்டு மோட்டார் உறுமும். பின்னாலேயே மிக்சி கத்தும். உடனே மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரெங்கம்மாள் குரல் கொடுப்பாள்.

"ஏ பார்வதி, எந்திரிச்சிட்டியா?"

"எப்பமோ எந்திரிச்சாச்சுக்கா!"

அந்தப் பதில் கட்டிலிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து வருகிறது என்பது வீட்டிலிருக்கும் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அடுக்களையில் தேங்காய்ச் சட்னி அரைப்பவன் அவளுடைய ஒரே மகன் மணிகண்டபிரபு. குற்றாலம் காவல் நிலையத்தில் போலீஸ்காரன், வயது முப்பத்திரண்டு. மீசையைப் பார்த்தால் ரவுடி ஒதுங்குவான்; சட்னியைத் தின்றால் அவனும் இன்னொரு கரண்டி கேட்பான். அப்பா சிவனணைந்தபெருமாள் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரகசியத்தைக் காக்கும் பயிற்சி அவருக்குப் பட்டாளத்தில் பாதி, கல்யாணத்துக்குப் பிறகு பாதி.

இதை எதற்கு மறைக்க வேண்டும் என்றால், காரணம் இருந்தது. இரண்டு வருஷம் முன்பு கடையநல்லூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் தாம்பூலம் மாற்றும் வரைக்கும் வந்தது. எப்படியோ விஷயம் கசிந்து, "மாப்பிள்ளதான் அடுக்களையில நிக்காராம்லா, அப்போ அந்தம்மாவுக்கு என்ன சீக்கோ?" என்று பெண்ணின் சித்தி ஒருத்தி கிளப்பிவிட்டாள். அத்தோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்துதான் பார்வதியம்மாள் தெரு முழுக்க விடியலில் எழும் பெருமையைப் பரப்ப ஆரம்பித்தாள். இப்போது சுந்தரபாண்டியபுரத்துப் பெண் நிவேதாவின் ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. இதுவும் தட்டிப்போனால் மகனுக்குக் கல்யாண மேக்கப்போடு மீசைக்கு மையும் வாங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குப் பயம்.

இந்தச் சமயத்தில்தான் தெருவுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிய மின்வாரியத்துப் பையன் விஜய்பாண்டி, பார்வதியம்மாளின் போனில் ஒரு செயலியையும் ஏற்றிக் கொடுத்தான்.

"இனிமே ரீடிங் எடுக்க ஆள் வர மாட்டாக ஆச்சி. அரை மணிக்கொருக்க எம்புட்டு கரண்டு ஓடுச்சுன்னு இதுலயே படமா தெரியும்."

"ஆச்சின்னு கூப்பிடாதடே. மகனுக்கே இன்னும் கல்யாணம் ஆவல."

மதிலுக்கு மேலே ரெங்கம்மாளின் தலை முளைத்தது. "யாரு சுவிட்சப் போட்டாகன்னும் தெரியுமாடே?"

பார்வதியம்மாள் போனைச் சட்டென்று கவிழ்த்துப் பிடித்தாள்.

"அதெல்லாம் தெரியாது ஆச்சி. நேரம் மட்டுந்தான்."

பார்வதியம்மாள் போனை மறுபடி நிமிர்த்தினாள். மறுநாளே படத்தைத் திறந்து பார்த்தாள். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும் நேரமெல்லாம் கோடு தரையோடு தரையாகக் கிடக்க, சரியாக அஞ்சு மணிக்கு ஐயனார் கோயில் குதிரை மாதிரி ஒரு மேடு எழுந்து நின்றது. மோட்டார், மிக்சி, பால் காய்ச்சும் கரண்டு அடுப்பு எல்லாம் சேர்ந்த மேடு. இத்தனை நாள் வாயால் சொன்னதற்கு இப்போது மின்சார வாரியமே சாட்சி! பால் வாங்கப் போனால் காட்டினாள், கோயிலுக்குப் போனால் காட்டினாள்.

"பாத்தியளாக்கா? அஞ்சு மணிக்கு ஒரு நிமிசம் பிந்தல."

ஜூன் நடுவில் சாரல் தொடங்கிக் குற்றாலத்தில் கூட்டம் அலைமோதியது. மணிகண்டபிரபுவுக்கு ஐந்தருவியில் எட்டு நாள் பந்தோபஸ்து, தங்கலும் அங்கேயே. அந்த எட்டு நாளும் பார்வதியம்மாள் ஏழரை மணி வரை நிம்மதியாகத் தூங்கினாள். இட்லி கடையிலிருந்து வந்தது, பொட்டலத்தை ஹவில்தார் துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்.

"என்னட்டி, மிக்சிச் சத்தத்தையே காணும்?" என்று ரெங்கம்மாள் கேட்டதற்கு, "ரிப்பேருக்கா. அம்மியில அரைக்கேன்" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் போனது.

மீட்டர் தூங்காது என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

மகன் சனிக்கிழமை சாயங்காலம் திரும்பினான். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா பால்வண்ணநாதன் வந்தார், சரி. கூடவே பெண்ணும் வந்து இறங்கியதில் தெருவே சன்னலுக்கு வந்துவிட்டது. நிவேதா தென்காசியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். "நான் இருக்கப்போற வீட்ட நாந்தான பாக்கணும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் ரெங்கம்மாளும் உள்ளே வந்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

காபி முடிந்ததும் பார்வதியம்மாள் போனை எடுத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே எடுத்தாள்.

"நம்ம வீட்டுல அஞ்சு மணிக்கெல்லாம் அடுப்பு எரிஞ்சிரும் அண்ணாச்சி. நான் சொன்னா நம்ப மாட்டிய. இந்தா, மீட்டரே சொல்லுது."

பால்வண்ணநாதனுக்குப் படம் பிடிபடவில்லை, மகளிடம் நீட்டினார். நிவேதா இன்றைய மேட்டைப் பார்த்தாள். பிறகு அவள் விரல் நேற்றைக்குப் போனது, முந்தாநாளைக்குப் போனது, இன்னும் பின்னே போனது. பார்வதியம்மாள் போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

"அத்த, நேத்தைக்கு வர எட்டு நாளு அஞ்சு மணி மேட்டையே காணுமே. நீங்க ஊர்ல இல்லையா?"

"இவ எங்க போனா?" ரெங்கம்மாள் உதவிக்கு வந்தாள். "இங்கனதான கெடந்தா. பிரபுதான் ஐந்தருவிக்கு டூட்டி போயிருந்தான்."

ஹவில்தார் மேலே சுற்றும் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"மிக்சி ரிப்பேரும்மா. அம்மியில அரைச்சேன்."

"லைட்டுகூடப் போடாமயா அத்த?"

"அம்மியத்தான் போன பொங்கலுக்கே மச்சுல தூக்கிப் போட்டாச்சேட்டி!" என்றாள் ரெங்கம்மாள். உண்மையாகவே உதவத்தான் நினைத்தாள்.

எல்லாம் போச்சு. கடையநல்லூர்ச் சித்தியின் குரல் பார்வதியம்மாளின் காதுக்குள் மறுபடியும் கேட்டது. சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

வாசல் பக்கம் நின்ற மணிகண்டபிரபு தொண்டையைச் செருமினான். "அம்மாவ ஒண்ணும் கேக்காதீக. காலையில நாந்தான் எந்திரிப்பேன். சட்னி, இட்லி, பால் எல்லாம் நாந்தான். எனக்குப் பிடிச்சித்தான் செய்யுதேன்."

நிவேதா அவனை முதன்முறையாக நேராகப் பார்த்தாள்.

"சட்னிக்குப் பொரிகடல சேப்பியளா?"

"கொஞ்சமா. கூடிட்டுன்னா தேங்கா ருசி செத்திரும்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "எப்பா, இவுக வீட்டு மீட்டர நான் நம்புதேன். நம்ம வீட்டு மீட்டர மட்டும் இவுகளுக்குக் காட்டிராதீக."

பால்வண்ணநாதன் கடகடவென்று சிரித்துவிட்டார். "இவ எட்டு மணிக்கு முன்னால கண்ணு முழிச்சு நான் பாத்ததில்ல தங்கச்சி. அதத்தான் எப்படிச் சொல்லன்னு வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தேன். ஆவணியில நல்ல நாளு பாப்போமா?"

"இட்லி மிச்சம் இருக்குல்லா? எல்லாருக்கும் வைலே பிரபு!" என்றார் ஹவில்தார். அன்றைக்கு அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

ரெங்கம்மாள் சர்க்கரையை மறந்து வெளியே ஓடினாள். தெருக்கோடி வரை சேதி சேர ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. எந்த மீட்டருக்கும் அந்த வேகம் வராது.

மறுநாள் காலை அஞ்சு மணி. மோட்டார் உறுமியது, மிக்சி கத்தியது. மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் வந்தது.

"ஏ பார்வதி, எந்திரிச்சிட்டியா?"

பார்வதியம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"இல்லக்கா! மருமவ வந்த பெறவு அவளும் நானும் சேந்துதான் எந்திரிப்போம். எட்டு மணி ஆவும்!"