இராட்டினத்து ஹோர்ன்

அச்சுவேலிக்குக் கிட்ட இருக்கிற விளையாட்டுப் பூங்காவில், இராட்டினத்துக்கு மேலே கட்டிய ஹோர்ன் ஒலிபெருக்கி, முதல்நாள் செத்தவர்களின் பெயரை மறுநாள் காலையில் தானாக வாசித்தது. வயரைக் கழற்றினாலும் வாசித்தது. பூங்காவின் மைக், அம்பிளிபயர், ஹோர்ன் எல்லாம் கதிரவேலுவின் பொறுப்பு. மாரிமழையில் ஹோர்னுக்குள் சத்தம் போடுகிற யூனிற் எரிந்தபோது, புதுச் சாமான்களில் நம்பிக்கை இல்லாத அந்த மனிதர், மரண அறிவித்தல் சொல்லித் திரிந்த ஓட்டோ ஒன்றின் பழைய யூனிற்றைக் கொண்டுவந்து பூட்டினார். சாவைத் தவிர வேறொன்றும் சொல்லியறியாத யூனிற். பழக்கம் விடவில்லை.

யாரோ ஒரு விசரன் போன் மூலம் விளையாடுகிறான் என்றுதான் கதிரவேலு முதலில் நினைத்தார். கடவுளையே இரண்டுதரம் விசாரிக்கிற ஆள். ஹோர்ன் சொன்ன வீடுகளுக்குச் சைக்கிளில் போய்ப் பார்த்தார். எல்லாப் படலையிலும் செத்தவீட்டு வெள்ளைக்கொடி. கனடாவில் செத்தவர்களையும் அது தப்பாமல் சொன்னது. சனம் பேப்பர் வாங்குவதைக் குறைத்துக்கொண்டது.

பூங்காவைக் கூட்டுகிற பாலேஸ்வரி மட்டும் காலையில் இராட்டினத்தடியைவிட்டு அசையமாட்டாள். சண்டை முடிந்த அன்று அவள் தன் கையால் ஆமியிடம் ஒப்படைக்க, பஸ்ஸில் ஏறிப்போன மகன் ஜெயசுதன் திரும்பவில்லை. செத்த நாள் தெரியாமல் அந்தியேட்டிக் கிரியை செய்யமாட்டேன் என்று நின்றாள்.

"ஹோர்ன் அவன்ரை பேரைச் சொல்லேல்லைத்தானே, கதிரவேலண்ணை."

"உது நேற்றைய சாவைத்தான் சொல்லும். அவன் அப்பவே போயிருந்தால் உதுக்கு என்னெண்டு தெரியும்?"

"அப்ப சொல்லாமலே இருக்கட்டும்."

சுவிஸிலிருந்து வந்த முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, சனம் ஐஸ்கிறீம் குடிக்க வருகுதோ, செத்தவீட்டுக்கு வருகுதோ? உதைக் கழட்டி எறியுங்கோ."

கதிரவேலு ஸ்பானரோடு ஏறினார். பாலேஸ்வரி வந்து ஏணியைப் பிடித்தாள். "இண்டைக்கு மட்டும் வாசிக்கட்டும் அண்ணை. பிறகு கழட்டுங்கோ." அவர் புறுபுறுத்துக்கொண்டு மேலேயே நின்றார்.

ஹோர்ன் இரண்டு கிழவர்களைச் சொன்னது. பிறகு, "இணுவிலைச் சேர்ந்த தியாகராசா ஜெயசுதன் நேற்றுக் காலமானார்" என்றது. எங்கே என்று சொல்லவில்லை. "உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்" என்று வழக்கம்போல முடித்தது.

பாலேஸ்வரி ஏணியில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அப்ப முந்தநாளும் இருந்திருக்கிறான்," என்றாள். "இவ்வளவு வருசமும் சோறு குடுத்திருப்பாங்களோ, அண்ணை?"

கதிரவேலு கழற்ற எடுத்த ஸ்பானரால் நட்டை இன்னும் இறுக்கிவிட்டு இறங்கினார். முதலாளியும் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஹோர்ன் சொன்ன அந்த நாளிலிருந்து எண்ணி, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி நடந்தது. மறுநாள் பாலேஸ்வரி கூட்ட வந்தாள்.

இப்போது காலையில் இராட்டினத்தடியில் வேறு தாய்மார் நிற்கிறார்கள். அவர்களிடம் ரிக்கற் கேட்பதில்லை. ஹோர்னுக்குள் குளவி கூடு கட்டாமல் கதிரவேலு பார்த்துக்கொள்கிறார். அது வாசித்து முடிந்த பிறகுதான் பிள்ளைகளை ஏற்றி இராட்டினத்தைச் சுற்றவிடுகிறார்கள்.