சம்பந்தி சொன்னால் சரி

1

"ஏன்க்கா, உங்க கதையில கல்யாணம் முடிஞ்ச அடுத்த வரியில தொட்டில் ஆடுது. நடுவுல நாங்க எதுக்கு ஆஸ்பத்திரி வச்சிருக்கோம்?"

புதுமடத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டாள் சூஃபியா. பிரசவம் பார்க்கும் டாக்டர். என் குடும்ப நாவல்களை ஒன்றுவிடாமல் படித்துத் திட்டுகிறவள்.

"ஆஸ்பத்திரி வந்தா காதல் குறைஞ்சிரும்மா."

"வலி வந்த பொண்ணு வயித்துல ஸ்கேன் வச்சு, உள்ள பிள்ளை மூளைக்கு ரத்தம் எப்படிப் போகுதுன்னு பாக்குறோம். ஆக்சிஜன் குறைஞ்சா பிள்ளை மத்த இடத்துக்குப் போற ரத்தத்தைக் குறைச்சு மூளைக்குத் திருப்பி விட்டுரும். யாரையும் கேட்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் பிறந்தது இந்தக் கதை. பிரியாணிக்கும் பங்கு உண்டு.

2

முதல் தொடக்கம்: பாம்பன் பாலத்தின் மேல் மாலை வெயில் பொன்னாய்... [அடித்துவிட்டேன். முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய் விவசாயிகள் ராமநாதபுரத்துக்குப் பிரசவம் பார்க்க வர, பாலம் எதற்கு?]

இரண்டாவது: பூமயிலுக்கு வலி எடுத்தது. கணவன் மாரிச்செல்வம் அவள் கையை இறுகப் பற்றி... [பற்றவில்லை. அவன் வராந்தாவில் தன் அய்யாவுக்கும் மாமனாருக்கும் நடுவில் நின்றான்.]

3

ஒரு முன்கதை. பூமயிலின் அய்யா தவசி, சம்பந்தியைக் கேட்காமல் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார். சம்பந்தி முத்துராமலிங்கம் வந்தார். பந்தியில் கை நனைக்காமல் போனார். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள்: இனி ஒரு வீட்டைக் கேட்காமல் இன்னொரு வீடு எதுவும் செய்யக் கூடாது.

(அடிக்குறிப்பு: சமாதானம் பேசியவர்கள் நன்றாகவே கை நனைத்தார்கள்.)

4

பிரசவ அறையிலிருந்து சூஃபியா வெளியே வந்தாள்; கதையிலும் அவளையே டாக்டராக்கிவிட்டேன். "ஸ்கேன்ல மூளைக்குப் போற ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கு. பிள்ளை ஆக்சிஜனுக்குத் திணறுது. உடனே ஆபரேஷன் பண்ணணும், சம்மதம் சொல்லுங்க."

"தலைப்பிரசவம் எங்க பொறுப்புதான்," என்றார் தவசி. "ஆனா கட்டிக்குடுத்த பிள்ளை. சம்பந்தி சொன்னாச் சரி."

"பெத்தவுக இருக்கயில நான் முந்தலாமா?" என்றார் முத்துராமலிங்கம். "நீங்க சொல்லுங்க."

"உங்க வாரிசுல்ல."

"உங்க மகள்ல. ஏலே மாரி, மாமா எம்புட்டு நேரமா நிக்கிறாரு, ஒரு சேர் கொண்டா."

என் கதாநாயகர்கள் மழையில் ஓடுவார்கள், ரயிலை நிறுத்துவார்கள். இவன் சேர் கொண்டுவந்தான். அய்யா மட்டும் நின்றால் மரியாதையாகாதென்று இன்னொன்றுக்கும் போனான்.

5

இதுவரை எழுதியதைச் சூஃபியாவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"என்னைய எதுக்குக்கா வெளிய அனுப்புனீங்க? நான் பூமயில்கிட்டயே கேட்டிருப்பேன். அவ சரின்னா போதும். அந்தப் பிள்ளை உங்க கதையில வாயே தொறக்கலையே."

திரும்பப் படித்தேன். அடித்துப்போட்ட பழைய பிரதியில் பூமயிலின் கண்களுக்கு மட்டும் ஒரு பத்தி இருந்தது. வசனம் ஒன்றுகூட இல்லை.

6

முடிவுகள் கைவசம் உண்டு. குழந்தை வீறிட்டு அழ, சம்பந்திகள் கட்டிக்கொள்வது ஒன்று; பதிப்பாளருக்குப் பிடிக்கும். இன்னொன்றை எழுத ஆரம்பித்தேன்: சூஃபியா தலை குனிந்தபடி... [என்னால் முடியாது.] மாரிச்செல்வம் வாய் திறப்பது மூன்றாவது, அவன் இன்னும் சேர் தேடுகிறான். எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் நான் சூஃபியாவை உள்ளே அனுப்பியாக வேண்டும்.

அனுப்பிவிட்டேன். அவள் திரையைப் பார்த்தாள். குழாய் இன்னும் விரிந்திருந்தது. பூமயிலிடம் கேட்கக் குனிந்தாள். வராந்தாவில், "அட, நீங்க சொல்லுங்க சம்பந்தி."

பெண் பார்த்த அன்றும், நகை பேசிய அன்றும், வளைகாப்புச் சண்டையிலும் தொண்டை வரை வந்து திரும்பிப்போன ஒன்றை, கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து, கதவுக்கு வெளியே கேட்கும்படி பூமயில் சொன்னாள்:

"அய்யா, மாமா, செத்த சும்மா இருங்க. என்னையக் கேளுங்க."