கோடா, தோளா

முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனதும், கொத்தனாரை அவர் மனைவி, தான் இரண்டு வருடமாகப் போகும் யோகா வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அந்த டீச்சர் சும்மா கையைக் காலை ஆட்டச் சொல்கிற ரகம் இல்லை. குதிகால், இடுப்பு, தோள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். சுவரில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. அதன் முன்னால் கொத்தனாரை நிறுத்தி, தொடைகளுக்கு நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகினாள். தள்ளிப்போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"வலது தோள் இறங்கியிருக்கு சார். கோட்டுக்குச் சமமா வாங்க."

கொத்தனாருக்குச் சுருக்கென்றது. முப்பது வருட வேலையில் அவரை யாரும் கோணல் என்று சொன்னதில்லை.

"நான் சரியாத்தான் நிக்கிறேன் டீச்சர். கோடுதான் கோணல்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி ஒரு பிடி பிடித்தாள். "என் மானத்தை வாங்கறதுக்குன்னே வந்தீங்களா?"

அடுத்த வகுப்புக்கு மனிதர், சுவரில் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு வந்தார். கோட்டின் மேல் வைத்தார். குமிழி நடுவில் நிற்காமல் வலப்பக்கம் ஓடியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்போ ரெண்டு வருஷமா நான்தான் கோணலா நின்னேனா?" என்றாள் மனைவி.

கொத்தனார் மீசையை முறுக்குவதற்குள், டீச்சர் ரசமட்டத்தை வாங்கி அவர் இரண்டு தோளுக்கும் குறுக்கே, பிடரியை ஒட்டி வைத்தாள். குமிழி இடப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

"கோடும் கோணல், நீங்களும் கோணல் சார்."

இந்த முறை சிரிப்பை முதலில் ஆரம்பித்தது அவர் மனைவி. கொத்தனாரும் சிரித்துவிட்டார். அன்றே நூல் அடித்துப் புதுக்கோடு போட்டுக் கொடுத்தார். டீச்சர் பதிலுக்கு அவரை விட்டுவைக்கவில்லை. பெல்ட்டில் கட்டினாள், கயிற்றில் தொங்கவிட்டாள், வியர்க்க விறுவிறுக்க நிற்க வைத்தாள்.

நான்காம் மாதம் ஒருநாள், டீச்சர் அவர் தோளைத் தொட்டுப் பார்த்து, "இன்னைக்குப் பரவாயில்லை" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை அன்று சாப்பிடும்போது மனைவியிடம் மூன்று தடவை சொன்னார்.

"நானும் அங்கேதானே நின்னேன்" என்றாள் அவள்.

"இருந்தாலும் கேளு" என்று நான்காம் தடவை ஆரம்பித்தார்.